சிரிக்க மறுக்கும் முகம்... காரணத்தை அளந்து சொல்லும் சிப்!

விசில் அடிக்க வராது. தூங்கும்போதுகூட இமை முழுசாக மூடாது. கை தோளுக்கு மேல் எழும்பாது. 'எஃப்.எஸ்.ஹெச்.டி' என்ற பரம்பரைத் தசைச்சிதைவு நோய் செய்யும் வேலை இது.

4-வது குரோமோசோமின் நுனியில், சுமார் 3,300 எழுத்துகள் கொண்ட ஒரே பகுதி திரும்பத் திரும்ப வரும். பெரும்பாலானோருக்கு அது 10 தடவைக்கு மேல். இந்த நோயாளிகளில் பெரும்பாலோருக்கு 10 அல்லது அதற்கும் குறைவு. எண்ணிவிட்டால் போயிற்று என்கிறீர்களா? அங்கேதான் வில்லங்கம். பரவலான மரபணு வாசிப்பு முறை, டி.என்.ஏ-வை நறுக்கி, சுமார் 150 எழுத்துகளாகப் படிக்கிறது. எல்லாத் துண்டும் ஒரே மாதிரி இருந்தால் எதை எங்கே ஒட்டுவது?

நறுக்காமல் நீட்டினால்? 2004-ல் அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக விஞ்ஞானிகள், 100 நானோமீட்டர் அகலக் கால்வாய்களில் டி.என்.ஏ-வை நீட்டிக் காட்டினார்கள். இன்றைய சிப்களில் கால்வாய் இன்னும் குறுகல். தலைமுடியின் பருமனில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட வராது! வாசலில் நிற்கும் குட்டித் தூண்கள் சீப்பு மாதிரி சிக்கெடுக்க, மின்புலம் உள்ளே இழுக்கும். குறிப்பிட்ட 6 எழுத்துகள் வரும் இடமெல்லாம் ஒளிரும் சாயம். கேமரா எடுத்த படத்தில் புள்ளிகளின் தூரத்தை அளந்தால், எத்தனை தடவை என்பது தெரிந்துவிடும்.

ஓர் எழுத்து மட்டும் மாறியிருந்தால் இதில் பெரும்பாலும் தெரியாது. அதற்கு நறுக்கல் முறைதான். ரத்தத்திலிருந்து டி.என்.ஏ-வைப் பிரிக்கும்போது வேகமாகக் குலுக்கவும் கூடாது. அறுந்தால் கணக்கு போச்சு!