முதுகை அளந்து பை வாங்குங்கள்

பை வாங்கக் கடைக்குப் போகும்போது, அதைச் சுமக்கப்போகிறவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். பள்ளி திறக்கும் நேரத்தில் பை விற்கும் கடைகளில் சற்று நின்று பார்த்தால் தெரியும்: பல பைகள் பிள்ளையின் முதுகில் ஒருமுறைகூட ஏறாமல் பில் போடப்படுகின்றன. நிறம் பிடித்திருக்கிறதா, எத்தனை ஜிப் இருக்கிறது, மூன்று வருஷம் தாங்குமா என்றெல்லாம் கேட்கிறோம். “வளர்ற பிள்ளைதானே, கொஞ்சம் பெரிசாவே குடுங்க” என்று ஓர் அளவு கூட்டியே வாங்குகிறோம். சீருடைக்கு இது நல்ல யோசனைதான். கால்சட்டையின் ஓரத்தை மடித்துத் தைத்து, அடுத்த ஆண்டு பிரித்துவிடலாம். பைக்கு அந்த வசதி கிடையாது. அளவு மீறிய பை இடுப்புக்குக் கீழே தொங்கும், பின்பக்கம் துருத்தும், இடம் இருக்கிறது என்பதாலேயே நிறைந்துகொண்டும் இருக்கும். முதுகுப்பையை முதலில் உடலோடு பொருத்திப் பார்க்க வேண்டும். எத்தனை லிட்டர் என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

முதுகில் ஏறும் பாரத்தைத் தாங்க நம் உடலில் இரண்டு இடங்கள் உண்டு, தோள் ஒன்று, இடுப்பு மற்றொன்று. தோள் பார்க்க அகலமாக இருந்தாலும் சுமைக்கு ஏற்ற இடமல்ல. தோள்பட்டை எலும்பு முதுகின் மேல் தசைகளால்தான் பிணைக்கப்பட்டிருக்கிறது. காறையெலும்பு மார்பெலும்போடு சேரும் சின்ன மூட்டு ஒன்றைத் தவிர, கைக்கும் உடற்பகுதிக்கும் எலும்பு வழியான இணைப்பு வேறு இல்லை. தோளில் விழும் பாரத்தைக் கழுத்துக்கும் தோளுக்கும் இடையிலுள்ள தசைதான் இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். காறையெலும்பை ஒட்டிக் கைக்குப் போகும் நரம்புகளும் ரத்தக் குழாய்களும் ஓடுகின்றன. கனமான பையை வெகுநேரம் மாட்டியிருந்தால் விரல்கள் மரத்துப்போவது இவை அழுந்துவதால்தான்.

இடுப்பெலும்பின் கதை வேறு. மேலே முதுகெலும்போடும் கீழே இரு தொடை எலும்புகளோடும் அது உறுதியாகச் சேர்ந்திருக்கிறது. அதன் மேல் விளிம்பில் உட்காரும் பாரம் முதுகெலும்பைத் தொடாமலே கால்களுக்கு இறங்கிவிடும். நம் ஊர்ப் பெண்கள் நிறைகுடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு கிணற்றிலிருந்து வீடுவரை நடந்ததும் இந்த எலும்பை நம்பித்தான்.

இந்த உண்மையை மலையேற்றப் பைக்குள் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் வாழ்ந்த டிக் கெல்டி. தச்சு வேலை தெரிந்தவர். அந்தக் காலத்துப் பைகள் மரச் சட்டத்தில் கட்டப்பட்டு முழுப் பாரத்தோடும் தோளில் தொங்கும். 1950களின் தொடக்கத்தில் சியரா நெவாடா மலையில் அவரும் நண்பர் ஒருவரும் நடந்துகொண்டிருந்தபோது, சட்டத்தின் கீழ் முனைகளைக் கால்சட்டையின் பின்பைகளுக்குள் செருகிப் பார்த்தார்கள். தோள் சட்டென்று லேசாகிவிட்டது. பாரம் இடுப்புக்கு இறங்கியிருந்தது. கெல்டி இதிலிருந்து, வளைத்த அலுமினியக் குழாய்ச் சட்டமும் இடுப்பைச் சுற்றிக் கட்டும் வாரும் கொண்ட பையை உருவாக்கி, 1952இல் வீட்டிலேயே தொழிலைத் தொடங்கினார். அவர் மனைவி நீனா தையல் வேலையைப் பார்த்துக்கொண்டார். 1963இல் எவரெஸ்ட் ஏறிய அமெரிக்கக் குழுவிடமும் கெல்டியின் பைகள் இருந்தன. 1967இல் கிரெக் லோ என்பவர் சட்டத்தைப் பைக்கு உள்ளேயே மறைத்துத் தைத்தார். இன்று கடையில் நாம் பார்க்கும் பெரிய மலையேற்றப் பைகள் பெரும்பாலும் அந்த வம்சம்தான்.

சட்டம் என்ற யோசனை மிகப் பழையது. ஆல்ப்ஸ் பனியில் 1991இல் கிடைத்த, ஏறத்தாழ 5,300 ஆண்டுகள் பழமையான ஓட்சி என்ற மனிதனின் உடலுக்கு அருகே, வளைத்த ஹேசல் மரக் கம்பும் சிறு பலகைகளும் கிடந்தன. அவை முதுகில் சுமை கட்டும் சட்டத்தின் பாகங்கள் என்பது ஆய்வாளர்கள் பலரின் கருத்து.

இடுப்புவார் இடுப்பெலும்பில் உட்கார வேண்டுமானால் பையின் நீளமும் உங்கள் முதுகின் நீளமும் ஒத்துப்போக வேண்டும். இதை வீட்டிலேயே அளந்துவிடலாம். தலையைக் குனியுங்கள். கழுத்தின் அடியில் முட்டி நிற்கும் எலும்பு ஒன்று விரலுக்குத் தட்டுப்படும். அது ஏழாவது கழுத்து முள்ளெலும்பு. பிறகு இரு கைகளையும் இடுப்பெலும்பின் மேல் விளிம்பில் வையுங்கள், கட்டைவிரல்கள் முதுகுப்பக்கம் இருக்கட்டும். இரண்டு கட்டைவிரல்களையும் இணைக்கும் கோட்டிலிருந்து அந்தக் கழுத்தெலும்புவரை தையல்காரர் டேப்பை முதுகின் வளைவோடு பிடித்து இன்னொருவர் அளக்க வேண்டும். பெரியவர்களில் பலருக்கு இது 40 முதல் 55 சென்டிமீட்டருக்குள் இருக்கும். ஆள் உயரத்தை வைத்து இதை ஊகிக்க முடியாது. காலே நீளமாக அமைந்த ஆறடி மனிதருக்குக் குட்டை முதுகு இருக்கலாம். நல்ல மலையேற்றப் பைகள் முதுகு நீளத்துக்கு ஏற்பச் சிறியது, நடுத்தரம், பெரியது என்று வருகின்றன. சிலவற்றில் தோள்வாரையே மேலும் கீழும் நகர்த்திக்கொள்ளலாம்.

பள்ளிப் பையில் இந்த ஏற்பாடெல்லாம் கிடையாது. சட்டமும் இல்லை, பாரம் தாங்கும் இடுப்புவாரும் இல்லை. எல்லாப் பாரமும் பிள்ளையின் தோளில்தான். எனவே நம் கையில் இருப்பவை இரண்டு: எடையைக் குறைப்பது, இருக்கும் எடையை முதுகோடு ஒட்டவைப்பது.

ஒட்டவைப்பது ஏன் இத்தனை முக்கியம்? பையின் பாரம் முதுகெலும்பைப் பின்பக்கம் சாய்க்கப் பார்க்கிறது. அந்தச் சாய்க்கும் திறன், எடையை அது முதுகெலும்பிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்ற தூரத்தால் பெருக்கி வருவது. 4 கிலோ பாரத்தின் மையம் 10 சென்டிமீட்டர் தள்ளி இருப்பதற்கும் 20 சென்டிமீட்டர் தள்ளி இருப்பதற்கும் எடையில் வித்தியாசம் இல்லை. ஆனால் முதுகுத் தசைகளுக்கு வேலை இரட்டிப்பு. இதை ஈடுகட்டத்தான் பிள்ளை இடுப்பிலிருந்து முன்னால் குனிகிறது, பிறகு பாதையைப் பார்க்கக் கழுத்தை நிமிர்த்தி முன்னே நீட்டுகிறது. பள்ளி விடும் நேரத்தில் எந்த வாசலில் நின்றாலும் இந்த நடையைப் பார்க்கலாம். எனக்கு அதைப் பார்ப்பது ஒவ்வொரு முறையும் கஷ்டமாகவே இருக்கிறது.

ஆகவே பள்ளிப் பை தட்டையாக இருக்க வேண்டும், வயிறு உப்பியதாக இருக்கக் கூடாது. அகலம் பிள்ளையின் தோள் அகலத்தைத் தாண்டக் கூடாது. அடிப்பகுதி இடுப்பு மட்டத்தில் நிற்க வேண்டும், பின்புறத்தில் இடித்துக்கொண்டே வரக் கூடாது. முதுகை ஒட்டியே தனி அறை ஒன்று இருந்தால் கனமான புத்தகங்கள் அங்கே போகட்டும். சாப்பாட்டு டப்பாவும் பென்சில் பெட்டியும் வெளியறைக்கு. தோள்வார் இரண்டும் அகலமாக, பஞ்சு வைத்ததாக, நீளம் கூட்டிக் குறைக்கக்கூடியதாக இருக்க வேண்டும். வாரை முழுக்கத் தளர்த்திப் பையைத் தாழத் தொங்கவிடுவதும் ஒரே தோளில் மாட்டுவதும் பதின்வயதில் பரவும் பழக்கம். கண்டித்தால் கேட்க மாட்டார்கள். வாரை இழுத்துக் கட்டி, பத்து நிமிடம் நடந்து பார்க்கச் சொல்லுங்கள். வித்தியாசத்தை அவர்களே உணர்வார்கள்.

வாங்கும்போது காலிப் பையின் எடையையும் பாருங்கள். 25 கிலோ எடையுள்ள பிள்ளை சுமக்கத் தக்கது அந்த எடையில் பத்தில் ஒரு பங்கு, அதாவது மொத்தம் இரண்டரைக் கிலோ. வெறும் பையே ஒரு கிலோ என்றால் கணக்கு அங்கேயே இடிக்கிறது. ஜப்பானில் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகள் ஆறு ஆண்டுகளும் சுமக்கும் ‘ரன்டோசேரு’ என்ற பெட்டி வடிவப் பை வேலைப்பாட்டில் மிக உயர்ந்தது, ஒரு குழந்தைப் பருவம் முழுவதும் உழைக்கக்கூடியது. ஆனால் அதன் சொந்த எடையே ஒரு கிலோவைத் தாண்டிவிடுவது வழக்கம். பிள்ளைகளின் சுமை பற்றிய கவலை வலுத்து, தேவையில்லாத புத்தகங்களைப் பள்ளியிலேயே வைத்துப் போக விடுங்கள் என்று 2018இல் அந்நாட்டுக் கல்வி அமைச்சகம் பள்ளிகளைக் கேட்டுக்கொண்டது.

மலைக்கு வருவோம். தமிழ்நாடு வனத்துறை 2024இல் ‘ட்ரெக் தமிழ்நாடு’ என்ற பெயரில் 40 மலையேற்றப் பாதைகளைத் திறந்தது. அவற்றில் பெரும்பாலானவை ஒரே நாளில் நடந்து முடிப்பவை. இதற்கு 20 முதல் 30 லிட்டர் பை போதும். கூடாரம், உறக்கப்பை சகிதம் இரண்டு மூன்று இரவு தங்குவதானால் 40 முதல் 55 லிட்டர். அதற்கு மேல் போகிறவர்களுக்கு இந்தக் கட்டுரையின் துணை தேவைப்படாது. முதல் பயணத்துக்கே 70 லிட்டர் பை வாங்காதீர்கள். அதை நிரப்பிவிடுவீர்கள், பிறகு தூக்க வேண்டியிருக்கும். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ என்பதையும் கணக்கில் வையுங்கள்.

பெரிய பையைக் கடையில் காலியாக மாட்டிப் பார்ப்பதில் பயனில்லை, காலியாக எல்லாப் பையும் சுகமாகவே இருக்கும். கடையில் எடைமூட்டை இல்லாவிட்டால் தண்ணீர் பாட்டில்களைப் போட்டு எட்டுக் கிலோவாவது ஏற்றச் சொல்லுங்கள். எல்லா வார்களையும் தளர்த்திவிட்டு மாட்டுங்கள். முதலில் இடுப்புவார். அதன் நடுப்பகுதி இடுப்பெலும்பின் விளிம்பின்மேல் படியவேண்டும், வயிற்றில் அல்ல. அதை இறுக்கிய பிறகு தோள்வாரை, பை முதுகோடு ஒட்டும் அளவுக்கு மட்டும் இழுங்கள். தோளுக்கு மேலிருந்து பையின் உச்சிக்குப் போகும் சிறிய வார்களை இழுத்தால் உச்சி முதுகுப் பக்கம் சாய்ந்து வரும். கடைசியாக மார்புவார், மூச்சு தடைபடாமல். இப்போது தோள்வாருக்கு அடியில் விரலை விட்டுப் பாருங்கள். தோளில் பாரம் கொஞ்சம்தான் தெரிய வேண்டும், பெரும்பங்கு இடுப்பில் இருக்க வேண்டும். அப்படி இல்லையென்றால் அந்தப் பை உங்களுக்கு உரியதல்ல, எவ்வளவு தள்ளுபடி கொடுத்தாலும்.

உறக்கப்பை அடியில், கனமான சாப்பாடும் தண்ணீரும் முதுகை ஒட்டி நடுவிலும் சற்று மேலேயும், மழைக்கோட்டு உச்சியில் என்று அடுக்குங்கள். வலை போட்டு முதுகுக்கும் பைக்கும் இடையே காற்றோட விட்ட பைகள் நம் வெயிலுக்கு இதமானவை. ஆனால் அந்த இடைவெளி பாரத்தைச் சில சென்டிமீட்டர் பின்னே தள்ளுகிறது. ஒருநாள் நடைக்கு வலைப் பையையும் பெருஞ்சுமைக்கு ஒட்டிய முதுகையும் நான் பரிந்துரைப்பேன். மழை உறை வெளிப்பக்கத்தை மட்டுமே காக்கும், முதுகு வழியே வழியும் நீரைத் தடுக்காது. மாற்றுத்துணியை நீர் புகாத உள்பையில் போட்டு வைப்பதே உறுதியான வழி.

துணியைப் பற்றியும் கொஞ்சம். சீட்டில் ‘டெனியர்’ என்று ஓர் எண் இருக்கும். 9,000 மீட்டர் நூல் எத்தனை கிராம் எடை என்பதுதான் அது. எண் கூடக்கூட நூல் தடிமன், ஆனால் தடிமனே உறுதி ஆகிவிடாது. அதே எண்ணில் பாலியஸ்டரைவிட நைலான் உராய்வைக் கூடுதலாகத் தாங்கும், வெயிலைத் தாங்குவதில் பாலியஸ்டர் மேல். உட்புறம் பூசிய பாலியூரித்தேன் பூச்சுக்கு எதிரி ஈரக்காற்று. சென்னை, நாகப்பட்டினம் போன்ற கடலோர ஊர்களில் பரணில் மூட்டையாகக் கிடந்த பையின் உள்பக்கம் பிசுபிசுத்து உரிவது இதனால்தான். துவைத்தால் நிழலில் நன்றாக உலர்த்தி, காற்றுப்படத் தொங்கவிடுங்கள். வாங்கும்போது தோள்வார் பையோடு சேரும் இடத்தைத் திருப்பிப் பாருங்கள். அங்கே ஒற்றைத் தையல் ஓடியிருந்தால் வைத்துவிட்டு வாருங்கள். கட்டம் போட்டு, நடுவில் பெருக்கல் குறியாகத் தைத்திருந்தால் நம்பலாம். ஜிப் போனால் பையைத் தூக்கிப் போட வேண்டாம். பெரும்பாலும் தேய்வது ரன்னர்தான், பை தைப்பவரிடம் கொடுத்தால் மாற்றித் தருவார்.

எத்தனை நல்ல பையானாலும் உள்ளே இருக்கும் புத்தகத்தின் எடையை அதனால் குறைக்க முடியாது. எழுத்தாளர் ஆர்.கே. நாராயண் மாநிலங்களவையில் பேசியது பிள்ளைகளின் புத்தகச் சுமையைப் பற்றித்தான். அந்தக் கவலையின் தொடர்ச்சியாக அமைந்த யஷ்பால் குழு 1993இல் அறிக்கை தந்தது. தமிழகத்தில் எட்டாம் வகுப்புவரை முப்பருவ முறை 2012இல் வந்தபோது, புத்தகங்கள் பருவத்துக்கு ஒன்றாகப் பிரிந்து மெலிந்தன. சென்னை உயர் நீதிமன்றம் 2018இல் இதைக் கையிலெடுத்து, பையின் எடை பிள்ளையின் எடையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்றது. மத்தியக் கல்வி அமைச்சகத்தின் 2020ஆம் ஆண்டுப் பள்ளிப் பைக் கொள்கையும் அதே பத்து சதவீதத்தைச் சொல்கிறது. மழலையர் வகுப்புக்குப் பையே வேண்டாம், 1, 2ஆம் வகுப்புக்கு 1.6 முதல் 2.2 கிலோ, 6, 7ஆம் வகுப்புக்கு 2 முதல் 3 கிலோ, 9, 10ஆம் வகுப்புக்கு 2.5 முதல் 4.5 கிலோ என்று பட்டியலும் உண்டு. நல்ல குடிநீர் பள்ளியிலேயே கிடைக்க வேண்டும், பிள்ளை அதைச் சுமந்து வரக் கூடாது என்பதும் அதில் இருக்கிறது. படிகளில் ஏறும்போது அடிபடும் என்பதால் சக்கரம் வைத்த பைகளை அந்தக் கொள்கை ஏற்கவில்லை.

இன்று இரவு பிள்ளை பையை அடுக்கி முடித்ததும் வீட்டுத் தராசில் பையையும் பிள்ளையையும் தனித்தனியே நிறுத்துப் பாருங்கள். பை பத்தில் ஒரு பங்கைத் தாண்டியிருந்தால், அந்த இரண்டு எண்களையும் ஒரு தாளில் எழுதி வகுப்பாசிரியரிடம் கொடுங்கள். எந்த நோட்டுகளைப் பள்ளியிலேயே வைக்கலாம், எந்தப் பாடம் எந்த நாளில் நடக்கும் என்று கேளுங்கள். அதே வகுப்பில் இன்னும் நான்கு பெற்றோரையும் சேர்த்துக்கொண்டு கேளுங்கள்.