ஊருக்கே கொடுக்கலாம் ஒரு சாவியை

எங்கள் பள்ளியின் வினா வங்கியை இணையத்தில் வைக்க முன்னாள் மாணவர் ஒருவர் வாடகைக்கு ஒரு சர்வர் எடுத்துக் கொடுத்தார். திருப்பூரில் பனியன் ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் கணினிப் பிரிவைக் கவனிப்பவர் அவர். வீட்டிலிருந்தே வினாத்தாள்களை ஏற்றுவதற்குக் கடவுச்சொல் கேட்டேன். "கடவுச்சொல்லே இல்லைங்க சார். உங்க கணினியில சாவி ஜோடி ஒண்ணு உருவாக்கி, பொதுச் சாவியை மட்டும் அனுப்புங்க" என்றார்.

அவர் சொன்ன 'எஸ்எஸ்எச்-கீஜென்' கட்டளையைக் கொடுத்ததும் இரண்டு கோப்புகள் வந்தன. ஒன்றை வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். உடனே அழைப்பு வந்தது. "மாத்தி அனுப்பிட்டீங்க சார். இதை யாருக்கும் காட்டவே கூடாதுங்க."

பெயரின் இறுதியில் 'பப்' என்று இருப்பதுதான் பொதுச் சாவி. நான் அனுப்பியது மற்றொன்று, தனிச் சாவி. செய்தியை அழித்துவிட்டேன் என்றதற்கும் அவர் ஒப்பவில்லை. என் கணினியை விட்டு ஒருமுறை வெளியேறிய தனிச் சாவியை இனி நம்ப முடியாது, புது ஜோடிதான் வேண்டும் என்றார்.

இந்த எஸ்எஸ்எச் பிறந்ததே ஒரு திருட்டினால்தான். 1995இல் பின்லாந்தின் ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழக வலையமைப்பில் யாரோ கடவுச்சொற்களை ஒட்டுக்கேட்டுத் திருடினார்கள். அக்காலத்தில் டெல்நெட் போன்ற நிரல்கள் கடவுச்சொல்லை மறைக்காமல் அப்படியே அனுப்பின. அங்கிருந்த டாட்டு இலோனென் அதற்கு மாற்றாக எழுதியதே எஸ்எஸ்எச்.

பொதுச் சாவியைப் பூட்டு என்று நினைத்துக்கொண்டால் எளிது. அது சர்வரின் வாசலில் தொங்குகிறது. நான் நுழையும்போது, அந்த ஓர் இணைப்புக்கு மட்டுமே உரிய தகவல் ஒன்றில் என் கணினி தனிச் சாவியால் கையொப்பமிட்டு அனுப்புகிறது. கையொப்பம் சரிதானா என்று சர்வர் பொதுச் சாவியை வைத்துப் பார்க்கிறது. தனிச் சாவி கணினியை விட்டு நகர்வதில்லை. கையொப்பத்தை யாரேனும் பிடித்து வைத்தாலும் அடுத்த இணைப்புக்கு அது உதவாது.

பொதுச் சாவியிலிருந்து தனிச் சாவியைக் கணக்கிட்டுவிட முடியாதா? பதினொன்றாம் வகுப்பில் இதே கேள்வி வந்தது. 61ஐ 53ஆல் பெருக்கச் சொன்னேன். நொடியில் 3233 என்றார்கள். பக்கத்து வரிசையிடம் 3233ஐத் தந்து பகாக் காரணிகளைக் கேட்டேன். பாடவேளையில் பாதி போய்விட்டது! பகாக் காரணி ஆறாம் வகுப்புப் பாடம்தான் என்பதால் நடுநிலை வகுப்புகளிலும் இதைச் செய்து பார்க்கலாம். 1977இல் ரிவெஸ்ட், ஷமிர், ஏடில்மேன் உருவாக்கிய ஆர்எஸ்ஏ முறை இந்தக் கடினத்தின் மேல்தான் நிற்கிறது. 2048 பிட் சாவியில் அந்தப் பெருக்கற்பலன் 617 இலக்க எண். இன்றைய புதிய சாவிகள் வேறு கணிதத்தைப் பயன்படுத்தினாலும், ஒரு பக்கம் எளிது, மறுபக்கம் அரிது என்ற அடிப்படை அதேதான்.

நம் பிள்ளைகள் பலர் நாளை ஏற்றுமதி அலுவலகங்களுக்குத்தான் வேலைக்குப் போகிறார்கள். அங்கே முதலாளியின் டிஜிட்டல் கையொப்பம் சிறு யுஎஸ்பி டோக்கனாக மேசை இழுப்பறையில் கிடக்கும். தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000 ஏற்கும் இந்தக் கையொப்பமும் சாவி ஜோடிதான். தனிச் சாவி டோக்கனுக்குள் இருக்கிறது. டோக்கனையும் பின் எண்ணையும் சேர்த்து இன்னொருவரிடம் கொடுப்பது, கையெழுத்திட்ட வெற்றுக் காசோலையைக் கொடுப்பதைப் போன்றது. வணிகவியல் மாணவர்களுக்கும் இதைச் சொல்லியாக வேண்டும் என்பது என் கருத்து.

புது ஜோடி உருவாக்கியபோது தனிச் சாவிக்கு ஒரு மறைத்தொடரும் வைத்தேன். மடிக்கணினி தொலைந்தாலும் அது இல்லாமல் சாவி திறக்காது. சர்வரில் ஒவ்வொருவரின் பொதுச் சாவியும் ஒரு வரி. யாராவது மாறுதலாகிப் போனால் அவருடைய வரியை மட்டும் நீக்கினால் போதும்; மற்றவர்கள் எதையும் மாற்ற வேண்டியதில்லை. இப்போது எங்கள் சர்வரில் மூன்று வரிகள் இருக்கின்றன. மூன்றாவது, மாறுதலில் வந்த கணித ஆசிரியையுடையது. அவர் முதல் முறையே சரியான கோப்பை அனுப்பிவிட்டார்.