வடமராட்சி கிழக்கு: போய்வர, முதலிட, வாழ

யாழ்ப்பாணக் குடாநாட்டின் பருத்தித்துறையிலிருந்து தென்கிழக்கே போனால் மணற்காடு, குடத்தனை, அம்பன், நாகர்கோவில், செம்பியன்பற்று, தாளையடி, மருதங்கேணி, உடுத்துறை, ஆழியவளை, வெற்றிலைக்கேணி, கட்டைக்காடு என்று ஊர்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து சுண்டிக்குளத்தில் முடிகின்றன. ஒரு பக்கம் வங்கக் கடல், மறுபக்கம் களப்பு, நடுவே ஒடுங்கிய மணல் நிலம். மேலிருந்து எடுத்த படங்களில் இந்தக் கரை ஆளற்றுக் கிடப்பதுபோலத் தெரியும். ரொறன்ரோவிலோ இலண்டனிலோ இருந்து அந்தப் படத்தைப் பார்ப்பவருக்கு, இங்கே ஒரு துண்டு வாங்கிப் போட்டால் என்ன, நாலு அறையோடு ஒரு விடுதி கட்டினால் என்ன என்ற எண்ணம் எழுவது இயல்பு. ஆனால் அந்தக் கரையில் துண்டுக்குத் துண்டு ஒரு பாடு, அதாவது வலை வளைத்து இழுக்கும் இடம், இருக்கிறது; பாட்டுக்கு ஒரு சம்மாட்டி, அவருடைய வலையை இழுக்கும் ஆட்கள், வலை போட ஒரு முறை என்று எல்லாமே வகுக்கப்பட்டிருக்கின்றன. கடந்த சில ஆண்டுகளில் இங்கே வெடித்த தகராறுகள் பலவற்றுக்கும், இந்த ஒழுங்கு தெரியாமல் வெளியார் உள்ளே வந்ததே தொடக்கம்.

முதலில் கரைவலையைப் புரிந்துகொள்ள வேண்டும். வள்ளம் ஒரு கயிற்றுத் தலைப்பைக் கரையில் விட்டுவிட்டுக் கடலுக்குள் போகும். வலையை அரைவட்டமாக வளைத்து, மடியை நடுவில் விழுத்தி, மறு கயிற்றைச் சற்றுத் தள்ளிக் கரைசேர்க்கும். பிறகு இரண்டு கயிற்றிலும் ஆட்கள் பிரிந்து நின்று இழுப்பார்கள். இழுக்க இழுக்க இரண்டு அணியும் ஒன்றையொன்று நோக்கி மணலில் நகரும். மடி கரையேறும்போது இரண்டும் ஒரே இடத்தில் சேர்ந்திருக்கும். சில நாள் நெத்தலி, சில நாள் சூடை, சில நாள் பாரை. வலையும் வள்ளமும் சம்மாட்டியுடையவை. மீனைக் கூறி விற்ற பணத்தில் அவருக்கு ஒரு பங்கு, இழுத்தவர்களுக்கு ஒரு பங்கு. ஒரு பாட்டில் ஒன்றுக்கு மேற்பட்ட வலை இருந்தால் முறை வைத்துப் போடுவார்கள். இந்தத் தொழிலுக்குக் கடற்றொழில் திணைக்களத்தின் பதிவும் அனுமதியும் வேண்டும்.

இதை இவ்வளவு விரிவாகச் சொல்லக் காரணம் உண்டு. இரண்டு அணியும் நகர வேண்டுமென்றால் கரை நீளத்துக்கும் திறந்து கிடக்க வேண்டும். குறுக்கே ஒரு மதிலோ கல்லணையோ வந்தால் அந்தப் பாட்டில் வலை வளைக்க முடியாது. வலை ஏறியபின் நெத்தலி காய்வதும் அதே மணலில்தான். மீனவர் தங்கும் வாடிகள் நிற்பதும் அதே மணலில்தான். வாங்குபவர் கண்ணுக்குச் சும்மா கிடக்கும் நிலம், ஊரார் கணக்கில் தொழிற்சாலையின் தளம்.

ஊருக்குள்ளேயும் எல்லாம் இணக்கமாக நடக்கிறது என்று எண்ணிவிடக் கூடாது. ஆள் தட்டுப்பாட்டால் உழவு இயந்திரத்தைக் கொண்டு கரைவலை இழுக்கும் வழக்கம் சில இடங்களில் வந்துவிட்டது. அது கடலடியை வாரிக்கொண்டு வருகிறது, குஞ்சு மீனையும் அழிக்கிறது, இழுப்பவர்களின் கூலியையும் பறிக்கிறது என்று மற்றத் தொழிலாளர்கள் எதிர்க்கிறார்கள். வெளிச்சம் பாய்ச்சி மீன் பிடிப்பதைப் பற்றியும் சுருக்குவலையைப் பற்றியும் இதே போன்ற சண்டைகள் உண்டு. புதிதாக வருபவர் இவற்றில் எந்தப் பக்கத்தோடு கைகோக்கிறார் என்பதை ஊர் கவனிக்கும்.

போய்வர நினைப்பவருக்குக் காற்றுதான் நாட்காட்டி. ஐப்பசி, கார்த்திகையில் வாடைக்காற்று எழுந்தால் கடல் கொந்தளிக்கும். இந்தக் கரையில் துறைமுகம் இல்லாததால் படகுகளை மணலில் ஏற்றி வைத்துவிடுவார்கள். அந்த மாதங்களில் குளிக்க இறங்குவது உயிரோடு விளையாடுவது. தென்மேற்கிலிருந்து சோளகம் வீசும் காலத்தில் கிழக்குக் கரை காற்றுக்கு மறைவாகிவிடும். கடல் தணிந்து, கரைவலை களைகட்டும் காலமும் அதுதான். ஆனால் பறவை பார்க்க வருபவருக்கு வாடைக்காலமும் அதை ஒட்டிய மாதங்களுமே நல்லவை. சுண்டிக்குளம் 1938இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டு, 2015இல் தேசியப் பூங்காவாகத் தரமுயர்த்தப்பட்டது. களப்பின் ஆழமற்ற நீரில் பூநாரைகள் கூட்டமாக இறங்கும்.

வழி கடினமில்லை. கொழும்பிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு ரயில் சேவை 2014 ஒக்ரோபரில் மீண்டும் தொடங்கியது. பலாலி விமான நிலையம் 2019 ஒக்ரோபரில் சர்வதேச நிலையமாகத் திறக்கப்பட்டது. இடையில் நின்றுபோன சென்னை விமானச் சேவை 2022 டிசம்பரில் மறுபடி வந்தது. ஏ9 வீதியில் பளையைத் தாண்டிப் புதுக்காட்டுச் சந்தியில் திரும்பினால் மருதங்கேணி. பருத்தித்துறைப் பக்கமிருந்தும் கரையோரமாக வரலாம். மணற்காட்டில் மணலுக்குள் புதைந்து நிற்கும் பழைய அந்தோனியார் தேவாலயத்தின் சிதைவுகளும் சவுக்குக் காடும் இருக்கின்றன. அருகே வல்லிபுர ஆழ்வார் கோயிலின் கடல் தீர்த்தத்துக்கு ஆயிரக்கணக்கானோர் மணலில் நடந்து போவார்கள். நாகர்கோவில் நாகதம்பிரான் கோயிலுக்குக் கப்பல் திருவிழா தனிப்பெருமை. அதே நாகர்கோவிலில்தான் 1995 செப்டெம்பர் 22ஆம் திகதி பள்ளிக்கூடத்தின் மீது விமானக் குண்டு விழுந்து பிள்ளைகள் மாண்டார்கள். உடுத்துறையில் சுனாமியில் இறந்தோரின் நினைவாலயம் இருக்கிறது. கடற்கரைச் சுற்றுலா என்று வருபவர் இந்த இரண்டு இடங்களுக்கும் போகாமல் திரும்பினால் இந்த ஊர்களைப் பாதிதான் பார்த்திருப்பார்.

முதலீட்டுக்கு வருவோம். இந்தக் கரையில் இதுவரை வந்தவற்றுள் மிகப் பெரியது தாளையடிக் கடல்நீர் சுத்திகரிப்பு நிலையம். குடாநாட்டுக்கு வற்றாத ஆறு இல்லை. சுண்ணாம்புக் கல்லுக்குள் ஊறும் கிணற்று நீரே கதி. அந்த நீரும் பல இடங்களில் உவராகிவிட்டது, நைத்திரேற்று கலந்துவிட்டது. கிளிநொச்சி இரணைமடுக் குளத்திலிருந்து குடிநீர் கொண்டுவரும் முதற்திட்டத்தை அங்குள்ள விவசாயிகள் எதிர்த்தார்கள். அதன் பிறகே ஆசிய அபிவிருத்தி வங்கியின் உதவியோடு கடலைக் குடிநீராக்கும் திட்டம் வந்தது. 2024 ஓகஸ்ட் 2ஆம் திகதி அப்போதைய ஜனாதிபதி ரணில் விக்கிரமசிங்க அதைத் திறந்துவைத்தார். நாளொன்றுக்கு 24,000 கன மீற்றர் நீர் தரும் ஆற்றல் அதற்கு உண்டு. இப்படியான நிலையங்களில் உறிஞ்சும் நீரில் ஒரு பகுதியே குடிநீராகும். மிச்சம் உப்புச் செறிந்த கழிவாகக் கடலுக்கே திரும்பும். அந்தக் கழிவு விழும் இடத்தில் மீன் விலகிப் போகும் என்று கரையோர மக்கள் அஞ்சினார்கள். நகரத்தின் தாகம் பெரியதுதான். ஆனாலும் அதைத் தீர்க்கத் தம் கடலைக் கொடுத்தவர்களுக்கு, அந்தக் கடலின் நிலையை ஆண்டுதோறும் அளந்து அவர்கள் மொழியில் வெளியிடுவது குறைந்தபட்சக் கடமை.

கடலட்டையின் கதை வேறு. 2018ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் வெளிமாவட்டங்களிலிருந்து வந்தவர்கள் மருதங்கேணி, தாளையடிக் கரையில் வாடி அமைத்துத் தங்கி, இரவில் சுழியோடிக் கடலட்டை பிடித்தார்கள். உள்ளூர் வலைகள் பாதிக்கப்படுவதாகச் சொல்லி மக்கள் வீதிக்கு இறங்கினார்கள். வந்தவர்களிடம் அனுமதி இருந்தது. ஊருடைய சம்மதம் இருக்கவில்லை. கொழும்பில் கிடைக்கும் அனுமதிப்பத்திரம் ஒன்று, கரையில் கிடைக்கும் ஒப்புதல் வேறொன்று என்பது அன்றே துலங்கிவிட்டது. பிறகு பண்ணை முறை வந்தது. ஆழமற்ற அமைதியான நீரில் கம்பு நட்டு வலையடைத்து, வெள்ளை அட்டைக் குஞ்சுகளை விட்டு வளர்த்து, அவித்து உலர்த்திச் சீனாவுக்கும் ஹொங்கொங்குக்கும் சிங்கப்பூருக்கும் அனுப்பும் தொழில் அது. 2021இல் பூநகரியின் கௌதாரிமுனையில் சீனப் பங்குள்ள நிறுவனம் ஒன்று பண்ணை போட்டபோது எதிர்ப்பு எழுந்தது. 2022 ஜூனில் யாழ்ப்பாணம், கிளிநொச்சி, மன்னார், மட்டக்களப்பு மாவட்டங்களில் 5,000 ஏக்கரில் கடலட்டை வளர்க்க அமைச்சரவை ஒப்புதல் அளித்தபோது அது இன்னும் வலுத்தது.

பண்ணையால் நல்ல வருமானம் கண்ட உள்ளூர்க் குடும்பங்களும் உண்டு; அதை மறைக்கத் தேவையில்லை. ஆனால் ஆழமற்ற நீர்தான் இறாலும் நண்டும் குஞ்சாய் வளரும் இடம். களங்கட்டி, சிறகுவலை போன்ற நட்டுவைக்கும் வலைகள் நிற்கும் இடமும் அதுவே. அடைப்புகள் பெருகினால் சிறு தொழிலாளியின் பாதை மூடுகிறது. ஊர்ச் சங்கம் இடம் குறித்துக் கொடுத்து, ஊரவரே நடத்தும் சிறு பண்ணை தாங்கும். ஆயிரக்கணக்கான ஏக்கரை மேலிருந்து பங்கிட்டுக் கொடுப்பது தாங்காது.

கடல் வழக்கத்தைச் சட்டத்துக்குள் கொண்டுவந்து பிழைத்த இடங்கள் இருக்கின்றன. 2004 டிசம்பர் 26இல் இந்தக் கரையைத் தாக்கிய அதே சுனாமி முதலில் அடித்த இந்தோனேசியாவின் ஆச்சே மாகாணத்தில், கரையோரங்களுக்குப் 'பங்லிமா லாவுட்' என்ற கடல் தலைவர் உண்டு. சுல்தான்கள் காலத்திலிருந்து வரும் பதவி அது. எப்போது, எங்கே, எந்த வலை என்பதை அவர் தீர்ப்பார். தகராறையும் அவரே விசாரிப்பார். மாகாணச் சட்டம் அவரை ஏற்றுக்கொண்டிருக்கிறது. வெள்ளிக்கிழமை கடலுக்குப் போவதில்லை என்பது அங்கே பழைய வழக்கம். சுனாமிக்குப் பிறகு டிசம்பர் 26ஐயும் தொழில் ஓய்வு நாளாக்கினார்கள். வடக்கிலும் கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்களும் அவற்றின் சமாசங்களும் ஊர்தோறும் இந்த வேலையைத்தான் செய்கின்றன. ஆனால் வெளியிலிருந்து வரும் திட்டத்தைத் தடுக்கவோ திருத்தவோ போதிய சட்ட அதிகாரம் அவற்றின் கையில் இல்லை.

இங்கே குடியிருந்து வாழ்வது எப்படி? 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஏறியது. வெளியிணைப்பு இயந்திரப் படகுகள் ஓடுவது மண்ணெண்ணெயில்தான். ஒரே இரவில் எரிபொருள் செலவு ஏறத்தாழ நாலு மடங்கானது. அதற்கு மேல் தமிழகத்து இழுவைப் படகுகள். இழுவைமடித் தொழிலை இலங்கை 2017இல் சட்டம் போட்டுத் தடை செய்துவிட்டது, என்றாலும் எல்லை தாண்டி வரும் படகுகள் இரவு விரித்த வலைகளை அறுத்துக்கொண்டு போவது ஓயவில்லை. 2022 ஜனவரி இறுதியில் வத்திராயன் மீனவர் இருவர் கடலில் இறந்தபோது வடமராட்சிக் கரை முழுவதும் கொதித்தது. கடுமையான நோய் என்றால் மந்திகை ஆதார வைத்தியசாலைக்கோ யாழ்ப்பாணத்துக்கோ ஓட வேண்டும். கடலை நம்பி வாழ வருகிறவர் இவற்றையெல்லாம் எண்ணித்தான் வர வேண்டும்.

எல்லாவற்றிலும் சிக்கலானது காணி. போரும் சுனாமியும் இந்த ஊர்களைத் திரும்பத் திரும்பத் துடைத்தன. வீட்டோடு உறுதியும் போன குடும்பங்கள் ஏராளம். அப்படியிருக்க, 2025 மார்ச் 28ஆம் திகதி, காணி நிர்ணயக் கட்டளைச் சட்டத்தின்கீழ் வட மாகாணத்தில் 5,941 ஏக்கர் பற்றி வர்த்தமானி அறிவித்தல் ஒன்று வந்தது: மூன்று மாதத்துக்குள் உரிமை கோராவிட்டால் அரச காணி. வடமராட்சி கிழக்கு மக்கள் திகைத்துப் போனார்கள். உறுதி தொலைந்தவர் ஒருபுறம், பிள்ளைகள் நாலு நாட்டில் இருப்பவர் ஒருபுறம். விவகாரம் உயர் நீதிமன்றத்துக்குப் போய், ஜூன் 27ஆம் திகதி இடைக்காலத் தடை கிடைத்தது. பின்னர் அறிவித்தலும் மீளப்பெறப்பட்டது. ஒரு துண்டுக் காணியின் உரித்து இங்கே எவ்வளவு நொய்ந்த நூலில் தொங்குகிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

வாங்க வருபவர் முதலில் கேட்க வேண்டியது, அது உறுதிக் காணியா அனுமதிப்பத்திரக் காணியா என்பது. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்கீழ் அரசு வழங்கிய அனுமதிப்பத்திரக் காணியை நினைத்தபடி விற்க முடியாது. கைமாற்றிய காகிதம் கையில் இருந்தாலும் அது செல்லாது. உறுதிக் காணி என்றால் யாழ்ப்பாணத் தமிழரின் வழக்காற்றுச் சட்டமான தேசவழமை குறுக்கே வரும்: பங்காளிக்கும் உரித்தாளிக்கும் முதலில் கேட்கும் உரிமை உண்டு, அவர்களுக்கு அறிவிக்காமல் முடித்த விற்பனையை அவர்கள் நீதிமன்றத்தில் எதிர்க்கலாம். ஆளில்லாத காணியில் பத்து ஆண்டு குடியிருந்தவர் உரிமை கோரவும் இலங்கைச் சட்டத்தில் இடமுண்டு. போரால் தம் காணியை அணுக முடியாமற் போனவர்களுக்காக 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்துக்கு 2016இன் 5ஆம் இலக்கச் சட்டம் விசேட ஏற்பாடு செய்தது. கரையிலிருந்து 300 மீற்றருக்குள் எதைக் கட்டுவதானாலும் கரையோரம் பேணல் திணைக்களத்தின் அனுமதி வேண்டும்.

வெளிநாட்டுக் குடியுரிமை மட்டும் உள்ளவருக்கு இன்னொரு தடை. 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டப்படி அவர் இங்கே காணி வாங்க முடியாது. 99 ஆண்டு வரை குத்தகைக்கு எடுக்கலாம். இரட்டைக் குடியுரிமை உள்ளவருக்கு இந்தத் தடை இல்லை, நெருங்கிய உறவிலிருந்து முதுசமாக வரும் காணிக்கும் விலக்கு உண்டு. ஆகவே கனடாவிலிருந்து வரும் மகன் தகப்பனின் காணியைப் பெறலாம். அவரோடு வரும் கனேடிய நண்பர் பக்கத்துக் காணியை வாங்க முடியாது. ஊரில் ஒருவரின் பெயரில் எழுதி வைத்தால் போயிற்று என்று தரகர்கள் சொல்வார்கள். அப்படி எழுதினால் சட்டப்படி காணி பெயர் கொடுத்தவருடையது. நொத்தாரிசிடம் போவதற்கு முன் காணிப் பதிவகத்தில் பதிவேட்டையும், பிரதேச செயலகத்தில் அனுமதிப்பத்திர விபரத்தையும், கடற்றொழிலாளர் சங்கத்தில் அந்தக் கரையின் பாட்டையும் விசாரித்துவிட வேண்டும். மூன்றாவதை எந்த நொத்தாரிசும் கேட்கச் சொல்வதில்லை. காணி வாங்கியபின் முதல் வழக்கு பெரும்பாலும் அங்கிருந்துதான் வருகிறது.