படம் பிடிக்கும் கையும் காக்கும் கையும்

2018ஆம் ஆண்டு யூன் மாதம் 21ஆம் திகதி கிளிநொச்சி மாவட்டத்தின் அம்பாள்குளம் கிராமத்துக்குள் ஒரு சிறுத்தை புகுந்தது. பத்துப் பேர் வரையில் காயமுற்றனர். வனசீவராசிகள் திணைக்கள உத்தியோகத்தர் ஒருவரும் அவர்களுள் அடங்குவார். ஈற்றில் ஊரவர்கள் தடி பொல்லுகளால் அந்த விலங்கை அடித்தே கொன்றார்கள். உயிர் போன உடலோடு நின்று படமும் பிடித்தார்கள். அப்படங்களும் காணொளிகளும் முகநூலில் ஏறி, விரைவிலேயே நாடெங்கும் பரவின.

இலங்கையில் சிறுத்தை சட்டத்தால் பாதுகாக்கப்பட்ட விலங்கு. நீதிமன்றம் தலையிட்டது. காணொளியில் முகம் தெரிந்தவர்களைப் பொலிஸார் தேடினர்; கைதுகளும் இடம்பெற்றன. பெருமைக்காகப் பிடித்த படமே அதில் நின்றவர்களுக்கு எதிரான சாட்சியாயிற்று.

திணைக்களத்தார் உரிய ஆயத்தத்தோடு வரவில்லை என்பது ஊரவரின் முறைப்பாடு. எவர் பக்கம் நியாயம் என்று தீர்ப்பது இக்கட்டுரையின் நோக்கமன்று. நாம் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. அன்று நாட்டுக்குச் செய்தி சொன்னவை கூட்டத்தின் கைத்தொலைபேசிகளே. காட்டையும் விலங்கையும் அறிந்தவர்களின் குரல் அவற்றுக்குப் பின்னாலேயே வந்தது.

வன்னியில் இன்று வனசீவராசிகள் திணைக்களத்திலும் வனவளத் திணைக்களத்திலும், மரநடுகை, குளப் புனரமைப்பு, இயற்கை விவசாயம் எனப் பல திட்டங்களிலும் எமது இளைஞரும் யுவதிகளும் பணிபுரிகின்றனர். ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் ஒரு கைத்தொலைபேசி உண்டு. சீருடையோடு நின்று ஒருவர் பதிவிடும் சொல்லை மக்கள் அவருடைய சொந்தச் சொல்லாக எடுப்பதில்லை. நிறுவனத்தின் சொல்லாகவே எடுக்கின்றனர். ஆகவே இயற்கையோடு பணிபுரிவோர் எதைப் பேசலாம், எதைப் பதிவிடலாம் என்பது எமது ஊர்களுக்கும் உரிய கேள்வியாகும்.

சட்டம் என்ன சொல்கின்றது?

அரசாங்க ஊழியரைக் கட்டுப்படுத்துவது தாபன விதிக்கோவை. அதன் 47ஆம் அத்தியாயத்தின்படி ஊடகங்களுக்குத் தகவல் வழங்கும் அதிகாரம் அமைச்சின் செயலாளர், திணைக்களத் தலைவர் போன்றோருக்கே உரியது. அரசுக்கோ திணைக்களத்துக்கோ உத்தியோகத்தருக்கோ சங்கடம் தரக்கூடியதாயின், வெறும் உண்மைத் தகவலையும் வெளியிடலாகாது என அது தடுக்கின்றது. 2022 செப்ரெம்பரில் பொது நிர்வாக அமைச்சு விடுத்த சுற்றறிக்கை, இக்கட்டுப்பாடு சமூக ஊடகங்களுக்கும் பொருந்துமென நினைவூட்டி, மீறுவோர்மீது ஒழுக்காற்று நடவடிக்கை வருமென எச்சரித்தது.

ஆனால் சட்டத்தின் மறுபக்கத்தை எம்மிற் பலர் அறியார். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. அச்சட்டத்தின்கீழ் கேட்டால் கொடுக்கக்கூடிய தகவலை வெளியிட்ட ஊழியரைத் தண்டிக்க முடியாது என அதன் 40ஆம் பிரிவு கூறுகின்றது. அரசிடமிருந்தோ வெளிநாட்டு அரசிடமிருந்தோ சர்வதேச நிறுவனங்களிடமிருந்தோ கணிசமான நிதி பெற்று மக்களுக்குச் சேவை வழங்கும் அரசசார்பற்ற நிறுவனங்களும், அச்சேவை தொடர்பான தகவலைப் பொறுத்தவரை, இச்சட்டத்துக்கு உட்பட்டவையே. எனவே திருச்சபையின் அபிவிருத்திப் பணியகங்களும் 'இது எமது உள்வீட்டு விடயம்' என்று எல்லாவற்றுக்கும் கதவடைத்துவிட முடியாது.

நீர்கொழும்பில் ஒரு குரல்

2020ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நீர்கொழும்பிலே கண்டல் காட்டை அண்டிய நிலத்தில் விளையாட்டு மைதானம் அமைக்கும் பேச்சு எழுந்தது. ஓர் இராஜாங்க அமைச்சர் அவ்விடம் வந்தார். தொலைக்காட்சிக் கமெராக்களும் வந்தன. கம்பஹா மாவட்ட வன அதிகாரி தேவானி ஜயதிலக்க, அமைச்சருக்கும் கூடியிருந்தவர்களுக்கும் முன்னால், இயற்கையை அழித்து இதைச் செய்ய முடியாதென எடுத்துரைத்தார். மரங்கள் தரும் ஒட்சிசனைப் பற்றி அவர் சொன்னபோது, அதனால் எமக்கு என்ன பயன் என்ற பாங்கில் ஏளனமும் எழுந்தது. அவர் பின்வாங்கவில்லை. அந்தக் காட்சியும் நாடெங்கும் பரவியது. இம்முறை நாடு பெருமைப்பட்டது.

அம்பாள்குளத்துக் காணொளியையும் நீர்கொழும்புக் காணொளியையும் அருகருகே வைத்துப் பாருங்கள். இரண்டும் பரவியது ஒரே வழியில்தான். முன்னையதில் விலங்கின் உயிரும் போய், மனிதரின் மானமும் போயிற்று. பின்னையதில் ஓர் உத்தியோகத்தர் தமக்குத் தெரிந்த உண்மையை, தமது கடமையின் எல்லைக்குள் நின்று, எவரையும் இழிவுபடுத்தாமற் சொன்னார். கருவி ஒன்றே, அதைக் கொண்டு எதைக் காக்க நினைத்தோம் என்பதிலேதான் வேறுபாடு கிடக்கின்றது.

எதைப் பதிவிடலாகாது?

முதலாவது, விலங்கு நிற்கும் இடம். யால தேசியப் பூங்காவில் சிறுத்தையைக் கண்ட சாரதி மற்றவர்களுக்குத் தொலைபேசியில் அறிவிக்க, வாகனங்கள் படையெடுத்து அதைச் சூழ்ந்துகொள்வதைப் பலரும் கண்டிருக்கின்றோம். சுண்டிக்குளம் 1938இல் பறவைகள் சரணாலயமாகவும் 2015இல் தேசியப் பூங்காவாகவும் பிரகடனமான இடம். அங்கே பறவை கூடு கட்டிய பற்றையை ஊழியர் ஒருவர் இடக்குறிப்போடு பதிவிட்டால், ஆர்வலருக்கு மட்டுமன்றி வேட்டைக்காரனுக்கும் வழிகாட்டியவராவார்.

இரண்டாவது, காட்டு விலங்கைக் கையிலேந்திய படம். காயப்பட்ட தேவாங்கை மீட்ட ஊழியர் அதை மார்போடு அணைத்துப் படமெடுப்பது அன்பினால்தான். ஆனால் பார்ப்பவர் மனதில் 'இதை வீட்டிலும் வளர்க்கலாம்' என்ற எண்ணத்தையே அது விதைக்கும். இக்காரணத்தாலேயே சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் குரங்கினங்களுக்கான நிபுணர் குழு, மனிதர் குரங்கினங்களைத் தொட்டும் ஏந்தியும் நிற்கும் படங்களை வெளியிட வேண்டாமென 2021இல் வழிகாட்டி நூலொன்றை வெளியிட்டது. தேவாங்கும் அவ்வினத்தைச் சேர்ந்ததே.

மூன்றாவது, துயருற்ற மனிதர். யானை தாக்கி இறந்தவரின் வீட்டு வாசலில் கமெராவை நீட்டுவதும், உதவி பெறும் ஏழை விவசாயியைக் கைகூப்ப வைத்துப் படமெடுத்து நன்கொடையாளருக்கு அனுப்புவதும் ஒரே குற்றத்தின் இரு முகங்கள். சிறுத்தையின் உடல் காட்சிப்பொருளாகக் கூடாதென்றால் மனிதரின் கண்ணீர் ஆகலாமா?

பேச வேண்டிய கடமை

நிறுவனங்களின் விதிகள் பெரும்பாலும் 'பேசாதே' என்பதோடு நின்றுவிடுகின்றன. ஆனால் மௌனத்துக்கும் விலையுண்டு. முரசுமோட்டை மக்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. 2018 டிசெம்பர் பிற்பகுதியில் பெருமழை கொட்டி, இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறக்கப்பட்டபோது முரசுமோட்டையும் கண்டாவளையும் வெள்ளத்தில் அமிழ்ந்தன. வயல் அழிந்தது, ஆடு மாடு மாண்டது. கதவுகள் திறந்த விதம் குறித்துப் பின்னர் விசாரணையும் நடந்தது. குளத்தின் கீழ் வாழ்பவனுக்குத் தகவல் என்பது உயிர். ஒரு மணித்தியாலம் முந்தி வந்தால் மாட்டை அவிழ்த்து விடலாம். பிந்தி வந்தால் வட்ஸ்அப்பில் வதந்திதான் மிஞ்சும்.

யானை இறங்கினாலும் சிறுத்தை வந்தாலும் இதே நியாயந்தான். அறிந்தவன் வாய் மூடினால் அறியாதவன் வாய் திறப்பான். ஆகவே இயற்கையோடு பணிபுரியும் நிறுவனம் ஒவ்வொன்றும், எமது பணியகங்கள் உட்பட, ஒரு பக்கத்திலேனும் தமிழில் ஒழுங்குவிதி எழுதி, ஊழியர் அனைவரையும் கூட்டி வாசித்து விளக்க வேண்டும். அதில் நான்கு விடயங்கள் தெளிவாயிருத்தல் நலம்: ஆபத்து வேளையில் மக்களுக்கு முதலிற் சொல்ல வேண்டியவர் யார், அவர் இல்லாதபோது யார், எந்தப் படங்களும் இடக்குறிப்புகளும் வெளியே போகலாகாது, சொந்தக் கருத்தை ஊழியர் எவ்வாறு சீருடையின்றியும் நிறுவனப் பெயரின்றியும் சொல்லலாம், உள்ளே நடக்கும் தவறைக் கண்டவர் அஞ்சாமல் யாரிடம் முறையிடலாம். நான்காவதற்கு வழி வைக்காத நிறுவனத்தின் தவறுகள் என்றோ ஒருநாள் முகநூலில்தான் வெளிவரும். அப்போது ஊழியரைக் குறைகூறிப் பயனில்லை.

திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் வெளியிட்ட 'லவுதாத்தோ சீ' சுற்றுமடலிலே, தகவலைக் குவிப்பதனால் மட்டும் ஞானம் வந்துவிடாதென எச்சரித்தார். பொய்ச்சான்று சொல்லாதிருக்கும் கட்டளை எமக்குப் புதிதன்று. உண்மையை அறிந்தும் அயலானுக்குச் சொல்லாது விடுவதையும் அதே கட்டளையின் வெளிச்சத்தில் நாம் சோதித்துப் பார்க்க வேண்டும்.

இனியொரு சிறுத்தை எமது ஊருக்குள் வரும்போது, கூட்டத்தைப் பின்வாங்கச் சொல்லும் ஒரு குரல், பழக்கப்பட்ட, நம்பத்தகுந்த குரல், முதலிற் கேட்க வேண்டும். அந்தக் குரலுக்கு உரியவர் யார் என்பதை இன்றே தீர்மானிப்போம்.