முகமூடி அணிந்த முதல் வகுப்பு

நாவலூரிலும் அதனை அடுத்த படூர், தாழம்பூர், சிறுசேரிப் பக்கங்களிலும் மாறுவேடப் போட்டி நடக்கும் நாளில் பள்ளி வாசலருகே சற்று நின்று பார்ப்பவர்கள், முண்டாசும் முறுக்கு மீசையுமாக வரும் பாரதியாரையும், அட்டைக் கத்தியை இடுப்பில் செருகிய கட்டபொம்மனையும், கோலூன்றிய ஔவையாரையும் மாத்திரமல்ல, அவர்களுக்குச் சமமான எண்ணிக்கையில், சிவப்பும் நீலமும் கலந்த உடையில் ஆட்டோவிலிருந்து குதித்திறங்கும் ஸ்பைடர்மேன்களையும், கறுப்புத் துணி தோளில் புரள நடந்து வரும் பேட்மேன்களையும், காவி வேட்டி கட்டிய சோட்டா பீம்களையும் காண்பார்கள். இந்த மாற்றத்தைக் கண்டு மனம் வருந்தும் பெரியவர்கள் உண்டு. அவர்களுடைய வருத்தத்தில் நியாயமும் உண்டு. ஆனால் வேடம் எந்த நாட்டைச் சேர்ந்தது என்ற கேள்விக்கு முன்னால் கேட்கப்பட வேண்டிய கேள்வி வேறொன்று இருக்கிறது: ஐந்து வயதுக் குழந்தை தன்னை ஒரு வீரனாகப் பாவித்துக்கொள்ளும்போது அதன் மனத்தினுள் உண்மையில் என்ன நிகழ்கிறது? இதைப் பரிசோதனை மூலம் ஆராய்ந்தவர்கள் கண்ட முடிவுகள், நம்முடைய தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டியவை என்பது என் அபிப்பிராயம்.

அதிசய வீரர்கள் நமக்குப் புதியவர்கள் அல்லர். சூப்பர்மேன் அமெரிக்கச் சித்திரக்கதையில் தோன்றியது 1938-இல். பேட்மேன் அடுத்த ஆண்டில். தமிழ்ச் சிறுவர்களுக்கு 1972-இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் மூலம் இரும்புக்கை மாயாவி வந்து சேர்ந்தான். மின்சாரம் உடலில் பாய்ந்ததும் உருவம் மறைந்து, இரும்புக்கை மட்டும் அந்தரத்தில் தெரிய உலவிய அந்த வீரனை, இன்று தாத்தாக்களாகிவிட்ட பலர் இன்னும் மறக்கவில்லை. 1997-இல் தூர்தர்ஷனில் சக்திமான் சுழன்று வந்தான். 2008 முதல் லட்டு தின்று பலம் பெறும் சோட்டா பீம் வீடுதோறும் குடியேறினான்.

விளையாட்டை வெறும் பொழுதுபோக்கு என்று எண்ணாமல் அதனை மனவளர்ச்சியின் மூலசக்தியாகக் கருதியவர்களில் முதன்மையானவர், ருஷ்ய உளவியல் அறிஞர் லெவ் விகோட்ஸ்கி. பாவனை விளையாட்டில் ஈடுபடும் குழந்தை, அந்தக் கணத்தில் தோன்றும் இச்சைக்கு அடிமையாகாமல், தான் ஏற்ற பாத்திரத்தின் விதிகளுக்குக் கட்டுப்பட்டு நடக்கப் பழகுகிறது என்றும், அதனாலேயே விளையாட்டில் அது தன் வயதை மீறிய பக்குவத்தைக் காட்டுகிறது என்றும் அவர் 1933-இல் நிகழ்த்திய சொற்பொழிவொன்றில் விளக்கினார். அவருக்குப் பின் மனுயிலென்கோ என்ற ஆராய்ச்சியாளர் இதைச் சோதித்து, 1948-இல் முடிவை வெளியிட்டார். அசையாமல் நில் என்று சொன்னால் சிறிது நேரத்திலேயே நெளியத் தொடங்கிய சிறு குழந்தைகள், நீதான் காவலாளி என்று பாத்திரம் கொடுக்கப்பட்டபோது, வெகு நேரம் அசையாமல் நின்றார்கள். நாவலூரில் அடுக்குமாடிக் குடியிருப்பின் வாயிற்காவலரைத் தினமும் பார்த்து, சல்யூட் அடித்துவிட்டுப் போகும் குழந்தைகளை வைத்து எந்தத் தாயும் இதை வீட்டிலேயே செய்து பார்க்கலாம்.

நம் காலத்து ஆராய்ச்சிக்கு வருவோம். அமெரிக்க அறிஞர்களான ரேச்சல் ஒயிட்டும் ஸ்டெஃபனி கார்ல்சனும் 2016-இல் வெளியிட்ட ஆய்வில், சீட்டுகளை முதலில் ஒரு விதிப்படியும் பிறகு அதற்கு மாறான விதிப்படியும் பிரித்து வைக்கும் பரீட்சையைச் சிறு குழந்தைகளுக்குக் கொடுத்தார்கள். பழகிய விதியை விட்டுப் புதிய விதிக்கு மாறுவது பெரியவர்களுக்கு அற்ப விஷயமாகத் தோன்றும். குழந்தைக்கோ அது தன் மனத்தோடு தானே போராடும் காரியம். தன்னைத் தன் பெயரால் படர்க்கையில் குறித்துச் சிந்தித்த ஐந்து வயதுக் குழந்தைகளும், தன்னை பேட்மேனாகவோ வேறொரு பிரிய பாத்திரமாகவோ பாவித்துக்கொண்ட ஐந்து வயதுக் குழந்தைகளும் இதில் மேலான திறமை காட்டினார்கள். மூன்று வயதுக் குழந்தைகளுக்கு இவ்வுபாயம் பயன்படவில்லை.

இதைக் காட்டிலும் பிரசித்தி பெற்றது, அவர்களும் வேறு சில அறிஞர்களும் சேர்ந்து 2017-இல் வெளியிட்ட ஆய்வு. நான்கு வயதும் ஆறு வயதும் ஆன 180 குழந்தைகளிடம், கணினித் திரையில் தோன்றும் படங்களைப் பார்த்து ஒரு விசையை அழுத்திக்கொண்டே இருக்கும், சலிப்பூட்டும் ஒரு வேலை ஒப்படைக்கப்பட்டது. பத்து நிமிஷம் அதைச் செய்ய வேண்டும். ஆனால் பக்கத்திலேயே மனத்தைக் கவரும் விளையாட்டொன்று கைக்கணினியில் காத்திருக்கும். விரும்பிய போதெல்லாம் வேலையை விட்டு அதற்குப் போய்வரத் தடையில்லை. ஒரு பிரிவினர் ‘நான் சிரத்தையாக வேலை செய்கிறேனா?’ என்று தம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டும். இரண்டாம் பிரிவினர் அதே கேள்வியைத் தம் பெயரைச் சொல்லிக் கேட்க வேண்டும். மூன்றாம் பிரிவினர் பேட்மேன், டோரா போன்றோரில் ஒருவராகத் தம்மைப் பாவித்து, அதற்குரிய சிறு உடையையோ பொருளையோ அணிந்துகொண்டு, ‘பேட்மேன் சிரத்தையாக வேலை செய்கிறானா?’ என்று கேட்க வேண்டும். விளையாட்டின் கவர்ச்சிக்கு எல்லாருமே ஆட்பட்டார்கள். ஆயினும் வேலையில் அதிக நேரம் நிலைத்தவர்கள் வேடம் பூண்டவர்கள். அவர்களுக்கு அடுத்து நின்றவர்கள் தம் பெயரைச் சொல்லிக்கொண்டவர்கள். ‘நான்’ என்று கேட்டுக்கொண்டவர்கள் கடைசியில் நின்றார்கள்.

காரணம் என்ன? சலிப்பில் அகப்பட்டிருக்கும்போது அந்தச் சலிப்பே தான் என்று குழந்தை எண்ணிவிடுகிறது. தன்னை விட்டு ஓரடி விலகி, இன்னொருவனைப் பார்ப்பதுபோல் தன்னைப் பார்க்கும் வழி கிடைத்துவிட்டால், சலிப்பு வேறு, தான் வேறு என்ற தெளிவு உண்டாகி, அடுத்துச் செய்ய வேண்டியது கண்ணுக்குப் புலப்படுகிறது. உளவியலார் இதனைத் தன்விலகல் என்பார்கள். தொண்டை மண்டலத்துத் தெருக்கூத்தை விடிய விடியப் பார்த்தவர்களுக்கு இது புதுமையாகத் தோன்றாது. திரைக்குப் பின்னிருந்து வெளிப்படும் நடிகர், ‘நான் வந்தேன்’ என்று சொல்வதில்லை. துரியோதன மகாராஜன் வருகிற பெருமையை, யாரோ ஒருவனைப் பற்றிப் பாடுவதுபோல் படர்க்கையில் தாமே பாடிக்கொண்டு வருகிறார். பகலெல்லாம் வயலில் உழைத்த மனிதர், கனத்த கிரீடத்தையும் புஜகீர்த்தியையும் சுமந்து இரவு முழுதும் களைப்பின்றி ஆடி முடிப்பதற்கு அந்தப் பாட்டும் ஒரு துணையாய் இருந்திருக்க வேண்டும் என்று நான் நம்புகிறேன்.

இந்த உண்மையை வகுப்பறையில் பிரயோகித்தால் எப்படியிருக்கும் என்பதற்கு ஒரு காட்சி. போட்டி முடிந்து, உடைமாற்ற நேரமில்லாமல் வகுப்புக்குத் திரும்பியிருந்தான் ஒரு முதல் வகுப்புச் சிறுவன். முகமூடியை நெற்றிக்கு மேல் ஏற்றிவிட்டுக்கொண்டு சிலேட்டில் ‘ஞ’ எழுத முயன்றுகொண்டிருந்தான். அந்த எழுத்தின் வளைவு அவனை நான்கு தடவை ஏமாற்றியது. ஐந்தாம் தடவை பல்பத்தைக் கீழே போட்டுவிட்டு, “எனக்கு வரல டீச்சர்” என்றான். ஆசிரியை அதட்டவில்லை; கையைப் பிடித்து எழுதிக் கொடுக்கவும் இல்லை. குனிந்து அவனுடைய முகமூடியைக் கண்வரை இறக்கிவிட்டு, “உனக்கு வரல, சரி. ஸ்பைடர்மேனுக்கு ‘ஞ’ வருமா, வராதா?” என்று கேட்டார். அவன் சிறிது நேரம் யோசித்தான். “அவனுக்கு வரும்” என்று சொல்லிப் பல்பத்தைத் தேடி எடுத்தான். எழுத்து கோணலாகத்தான் வந்தது, ஆனால் வந்தது. எந்த ஆராய்ச்சிக் கட்டுரையையும் படிக்காமல், குழந்தைகளோடு பழகிய அனுபவத்தினாலேயே அந்த அம்மையார் கண்டுகொண்ட உபாயம் அது.

நம் அரசுப் பள்ளிகளில் இதற்கு இடமில்லை என்று சொல்வதற்கில்லை. 2022 ஜூன் மாதத்தில் தொடங்கப்பட்ட எண்ணும் எழுத்தும் திட்டத்தின்கீழ், முதல் மூன்று வகுப்புகளில் பாட்டும் கதையும் பொம்மலாட்டமும் பாடத்தின் அங்கங்களாகவே சேர்க்கப்பட்டிருக்கின்றன. பொம்மையைக் கையில் மாட்டிக்கொண்டு அதன் குரலில் கணக்குச் சொல்லும் குழந்தையும் தன்விலகலைத்தான் அப்பியாசம் செய்கிறது.

இத்தனையும் சொன்ன பிறகு மறுபக்கத்தை மறைப்பது நேர்மையாகாது. அமெரிக்காவின் பிரிகம் யங் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சாரா காய்ன் என்பவரும் உடன் ஆய்வாளர்களும் 240 சிறு குழந்தைகளைப் பற்றிப் பெற்றோரிடம் விசாரித்து, ஓராண்டு கழித்து மீண்டும் விசாரித்தார்கள். அதிசய வீரர்களின் கதைகளில் அதிகமாக ஈடுபட்டிருந்த குழந்தைகளிடம், ஓராண்டுக்குப் பின் அடிப்பதும் பிடித்துத் தள்ளுவதும் அதிகமாகக் காணப்பட்டன; பிறருக்கு உதவும் குணமோ, துன்புறுத்தப்படும் தோழனுக்காகப் பரிந்து நிற்கும் குணமோ அதிகமாகக் காணப்படவில்லை. 2017-இல் வெளிவந்த இந்த ஆய்வு ஒன்றையொன்று தொடர்ந்து வருவதைக் காட்டுகிறதேயன்றி, ஒன்றுதான் மற்றதற்குக் காரணம் என்று நிரூபித்துவிடவில்லை. ஆயினும் அதன் எச்சரிக்கை தெளிவானது. கதையில் வீரன் அடிப்பதும் காப்பதும் கலந்தே நிகழ்கின்றன. குழந்தையின் கண்ணில் அடி மட்டும் பளிச்சென்று பதிகிறது. காப்பாற்றப்பட்டவனின் துன்பமும் ஆறுதலும் யாரேனும் எடுத்துச் சொன்னாலன்றி அதன் மனத்தில் ஏறுவதில்லை. முகமூடி தானாக எந்தக் குணத்தையும் தருவதில்லை. எந்தக் குணத்தை அதனிடம் கேட்கிறோமோ அதைத் தருகிறது. கேட்க வேண்டியவர் ஆசிரியர், வீட்டில் பெற்றோர்.

உதவும் குணத்தைக் கேட்பதற்கு நம் பகுதியிலேயே கதை இருக்கிறது. 2015 டிசம்பரில் அடையாற்று வெள்ளம் முடிச்சூரையும் வரதராஜபுரத்தையும் மேற்குத் தாம்பரத்தின் பல தெருக்களையும் மூழ்கடித்து, சென்னையே தத்தளித்த அந்த நாட்களில், கடலோரத்து மீனவர்கள் தம் படகுகளை நகரத்துக்குள் கொண்டு வந்து, மாடிகளில் தவித்தவர்களை இறக்கிக் கரைசேர்த்தார்கள். இன்று தொடக்கப் பள்ளியில் படிக்கும் குழந்தைகளில் பெரும்பாலோர் அப்போது பிறக்கவில்லை. ஸ்பைடர்மேன் உடையில் வந்திருக்கும் இரண்டாம் வகுப்பை உட்கார வைத்து, தெருவில் படகு வந்த கதையை ஆசிரியர் சொல்லி, “அந்தப் படகில் ஸ்பைடர்மேன் இருந்திருந்தால் முதலில் யாரை ஏற்றியிருப்பான்?” என்று கேட்டுப் பார்க்கட்டும். பாட்டியை என்றும், கைக்குழந்தையை என்றும், நாய்க்குட்டியை என்றும் எழும் விவாதமே நல்லொழுக்கப் பாடமாகிவிடும்.

இன்னொரு அபாயம் பறப்பது. சக்திமான் ஒளிபரப்பான காலத்தில் குழந்தைகள் அவனைப் பின்பற்றித் தம்மை ஆபத்துக்கு உள்ளாக்குவதாகச் செய்திகள் எழுந்தன. அப்பாத்திரத்தில் நடித்த முகேஷ் கன்னாவே திரையில் தோன்றி, இவற்றைச் செய்து பார்க்கலாகாது என்று குழந்தைகளுக்குச் சொன்னார். வானளாவிய குடியிருப்புகள் நிறைந்துவிட்ட இந்த வட்டாரத்தில் வளரும் குழந்தைகளுக்கு நான்காம், ஐந்தாம் வகுப்பிலேயே ஒரு கணக்கைச் சொல்லிவிட வேண்டும். பத்து மீட்டர், அதாவது ஏறக்குறைய மூன்று மாடி உயரத்திலிருந்து விழும் கனமான எந்தப் பொருளும் ஒன்றரை விநாடிக்குள் தரையை அடைகிறது. அடையும்போது அதன் வேகம் மணிக்குச் சுமார் 50 கிலோமீட்டர். தோளில் கட்டிய துணி அதைக் கொஞ்சமும் குறைப்பதில்லை.

ஆனால் பறக்க முடியாது என்று சொல்லி நிறுத்திக்கொள்ளும் ஆசிரியர் நல்ல சந்தர்ப்பத்தை நழுவவிடுகிறார். மெய்யான அதிசய சக்திகள் பள்ளிச் சுவரிலேயே ஊர்ந்துகொண்டிருக்கின்றன. சுவர்ப்பல்லிக்கு உறவான டோக்கே எனப்படும் பெரும்பல்லியின் ஒரு பாதத்தில் ஏறத்தாழ ஐந்து லட்சம் நுண்மயிர்கள் உள்ளன; ஒவ்வொரு மயிரும் நுனியில் நூற்றுக்கணக்கான கிளைகளாகப் பிரிகிறது. பசையும் இல்லை, உறிஞ்சும் குழியும் இல்லை. அணுக்கூட்டங்கள் மிக நெருங்கும்போது அவற்றினிடையே எழும் மெல்லிய ஈர்ப்பு, கோடிக்கணக்கான நுனிகளில் ஒன்றுசேர்ந்து பல்லியைச் சுவரில் தாங்குகிறது. கெல்லர் ஆட்டம் என்பவரும் அவருடைய குழுவினரும் ஒற்றை மயிரின் பிடிப்பை அளந்து 2000-இல் வெளியிட்டார்கள். அதுபோலவே மாமரத்து இலைகளைத் தைத்துக் கூடு கட்டும் முசுறு எறும்பு, வழுவழுப்பான பரப்பில் தலைகீழாகத் தொங்கியவாறு தன் எடையைப்போல் நூறு மடங்கு பாரத்தைப் பற்றியிருப்பது படம்பிடிக்கப்பட்டிருக்கிறது.

அப்படியானால் எறும்பை மனித உருவத்துக்குப் பெருக்கினால் அது பேருந்தைத் தூக்குமா? ஐந்தாம் வகுப்பு மாணவர்கள் நிச்சயம் கேட்கக்கூடிய இக்கேள்விக்கு, 1926-இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையொன்றிலேயே விடைக்கு வழிகாட்டியவர், பிற்காலத்தில் இந்தியாவில் குடியேறி 1964-இல் புவனேசுவரத்தில் உயிர் நீத்த ஜே. பி. எஸ். ஹால்டேன். நீளம் பத்து மடங்கானால் தசையின் குறுக்குப் பரப்பு, அதனால் பலம், நூறு மடங்காகும். எடையோ ஆயிரம் மடங்காகும். எறும்பு பெரிதாகப் பெரிதாகத் தன் உடலையே தூக்க முடியாமல் போகும். தீப்பெட்டிகளை அடுக்கிப் பத்தே நிமிஷத்தில் இதை விளக்கிவிடலாம். இரண்டு பெட்டி அகலம், இரண்டு நீளம், இரண்டு உயரம். அடியில் நான்கு, மொத்தம் எட்டு. பரப்பு, கன அளவு என்ற பாடங்களை இதைவிட ஆவலாய்க் குழந்தைகள் கேட்கும் வேளை வேறு வாய்க்காது.

நாவலூர் வட்டாரத்துப் பெற்றோருக்கும் ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். மாறுவேடத்துக்காக வாடகை உடை எடுத்துத்தான் ஆக வேண்டும் என்ற கட்டாயம் வேண்டாம். குடியிருப்புகளில் துப்புரவு வேலை செய்வோரின் குழந்தையும் கட்டட வேலைக்காக வெளி மாநிலத்திலிருந்து வந்தோரின் குழந்தையும் அதே வகுப்பில் அமர்ந்திருக்கிறார்கள். ஒரு துண்டும், காகிதத்தில் வெட்டி நூல் கோத்த ஒரு முகமூடியும் போதும். ஆராய்ச்சியில் பயன்பட்டவையும் அத்தகைய எளிய பொருள்களே. பரிசளிப்பு முடிந்ததும் அந்தக் காகித முகமூடிகளைக் குப்பையில் போட்டுவிடாமல், வகுப்பு அலமாரியில் ஒரு பெட்டியில் எடுத்து வையுங்கள். வாய்ப்பாடு மறந்து குழந்தை விழிக்கும் நாளில் அவை தேவைப்படும்.