ஜாவியும் ரூமியும் ரிமோட்டும்

  

போன வாரம் ஒரு கெட்டிக்காரத் தம்பி என்னிடம் கேட்டான். "மாமா, ரிமோட்டை அமுக்கினால் டிவிக்கு என்ன போகிறது? கம்பியும் இல்லை, சத்தமும் இல்லையே?" இப்படிக் கேட்கும் பிள்ளைகளை எனக்கு ரொம்பப் பிடிக்கும். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லப் போய், நான் ஒரு பழைய ஆம்ப்ளிஃபையரோடு மல்லுக்கட்டிய கதையும் சேர்ந்து வந்துவிட்டது. உனக்கும் சொல்கிறேன்.

முதலில் ஒரு சோதனை. வீட்டு ரிமோட்டை எடு. அதன் மூக்கில் சின்னக் கண்ணாடி மணி மாதிரி ஒன்று இருக்கும். அதைப் பார்த்துக்கொண்டே பொத்தானை அமுக்கு. ஒன்றும் தெரியாது. இப்போது அம்மாவின் கைப்பேசியை வாங்கி, முன்பக்கக் கேமரா வழியாக அதே மணியைப் பார். பொத்தானை அமுக்கியதும் இளம் ஊதா நிறத்தில் மினுக்குகிறதா? மினுக்காவிட்டால் பேட்டரியை மாற்றிப் பார். சில கேமராக்களுக்கு மட்டும் இந்த ஒளி தெரியாது. அப்போது வேறு கைப்பேசியில் பார்.

அந்த ஒளிக்கு அகச்சிவப்பு என்று பெயர். வானவில்லில் சிவப்புக்கும் அப்பால் நிற்கிற நிறம் அது. நம் கண் அதைப் பிடிக்காது. வில்லியம் ஹெர்ஷல் என்ற வானியலாளர் 1800-இல் இதைக் கண்டுபிடித்தார். வெயிலை முப்பட்டகக் கண்ணாடியில் பிரித்து, ஒவ்வொரு நிறத்திலும் வெப்பமானியை வைத்துப் பார்த்தார். சிவப்பையும் தாண்டி, வெறும் இருட்டாகத் தெரிந்த இடத்தில் வெப்பமானி இன்னும் மேலே ஏறியது. அங்கே கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்று விழுகிறது என்று அவருக்குப் புரிந்துவிட்டது.

ரிமோட் எப்போதும் ஒளியைத்தான் அனுப்பியது என்று நினைத்துவிடாதே. 1956-இல் அமெரிக்காவில் செனித் நிறுவனம் விற்ற ஒரு ரிமோட்டுக்குப் பேட்டரியே கிடையாது. உள்ளே சின்ன அலுமினியக் கம்பிகள். பொத்தானை அமுக்கினால் ஒரு குட்டிச் சுத்தியல் கம்பியைத் தட்டும். பள்ளிக்கூட மணி அடிக்கிற மாதிரிதான். ஆனால் மனிதக் காதுக்கு எட்டாத அளவு உச்சமான, கூரிய ஒலி. ஒவ்வொரு பொத்தானுக்கும் ஒரு சுருதி. ராபர்ட் அட்லர் என்பவர் வடிவமைத்தது. எனக்கு அந்த ரிமோட் மேல் இன்னமும் ஓர் ஆசை உண்டு. பேட்டரி தீராத ரிமோட் யாருக்குத்தான் வேண்டாம்?

சரி, ஒளிக்குத் திரும்புவோம். இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது, கவனி. சூரியன் அகச்சிவப்பு அனுப்புகிறது. குண்டு பல்பு அனுப்புகிறது. அடுப்பு அனுப்புகிறது. இத்தனைக்கும் நடுவே டிவி எப்படி ரிமோட்டை மட்டும் கண்டுபிடிக்கிறது?

தோட்டத்து லயத்து வீடுகளில் இருந்தவர்களைக் கேள். சாயங்காலம் நாய் குரைக்கும், பிள்ளைகள் கத்தும், வானொலி பாடும். ஆனாலும் ரொட்டிக்காரர் மோட்டார் சைக்கிளில் வந்து ஹாரனை அமுக்கினால், வீட்டுக்குள் இருக்கும் குழந்தைக்குக்கூடத் தெரிந்துவிடும். அந்த ஹாரன் ஒலி தனி. ரிமோட்டும் அதையே செய்கிறது. தன் ஒளியை ஒரு விநாடிக்கு 38,000 முறை மினுக்குகிறது. டிவிக்குள் இருக்கும் கண் அந்த வேகத்தில் மினுக்குவதை மட்டும் கவனிக்கும். வெயில் அப்படி மினுக்காது. அதனால் டிவி அதைக் கண்டுகொள்ளாது. எல்லாக் கம்பெனிக்கும் இதே வேகம் இல்லை. பிலிப்ஸின் பழைய முறை 36,000. சோனி 40,000.

இதுவரை புரிந்ததா? மினுக்கு என்பது ஹாரன். இனி, அந்த ஹாரனை வைத்து எப்படிச் செய்தி சொல்வது?

தாளம் போட்டுத்தான். தைப்பூசத்தில் உறுமி மேளம் கேட்டிருப்பாயே? அடி எவ்வளவு முக்கியமோ, அடிக்கும் அடிக்கும் நடுவே விடுகிற இடைவெளியும் அவ்வளவு முக்கியம். ரிமோட்டும் கொஞ்ச நேரம் மினுக்கும், அதுதான் அடி; கொஞ்ச நேரம் சும்மா இருக்கும், அதுதான் இடைவெளி. நிறையக் கருவிகளில் இருக்கும் என்.இ.சி. என்ற முறையைப் பார்ப்போம். முதலில் 9 மில்லிவிநாடி நீளமான ஓர் அடி. பிறகு 4.5 மில்லிவிநாடி மௌனம். "நான் பேசப் போகிறேன், கவனி" என்று அர்த்தம். அடுத்து 32 குட்டி அடிகள், ஒவ்வொன்றின் பின்னாலும் ஒரு மௌனம். மௌனம் குட்டியாக, 0.56 மில்லிவிநாடி இருந்தால் அது 0. அதைப்போல மூன்று மடங்கு நீண்டால் அது 1. இந்த முழுத் தாளமும், நீ கண் சிமிட்டி முடிக்கும் முன்னால் முடிந்துவிடும்.

அந்த 32-ஐ நான்கு எட்டுகளாகப் பிரித்துக்கொள். முதல் எட்டு, யாரிடம் பேசுகிறேன் என்ற முகவரி. இரண்டாம் எட்டு அதே முகவரி, ஆனால் 0 இருந்த இடத்தில் 1, 1 இருந்த இடத்தில் 0. மூன்றாவது, என்ன செய்ய வேண்டும் என்ற கட்டளை. நான்காவது அதன் எதிர்மறை. எதற்கு இரண்டு தடவை? நடுவில் பூனை குறுக்கே போய் ஏதாவது கெட்டிருந்தால், இரண்டும் ஒத்துப்போகாது. கருவி உடனே அந்தச் செய்தியைத் தள்ளிவிடும்.

இப்போது என் கதை.

எனக்கு ஒரு பழைய ஆம்ப்ளிஃபையர் கிடைத்தது. அதோடு நான்கு ஸ்பீக்கர். வரவேற்பறையைத் தியேட்டர் ஆக்கிவிடலாம் என்று ஆசை. ஆனால் ரிமோட் இல்லை. என்னிடம் ரிமோட் மாதிரி வேலை செய்யும் ஒரு குட்டிக் கருவி இருந்தது. அது இரண்டே எண் கேட்டது: முகவரி என்ன, கட்டளை என்ன. நண்பர் ஒருவர் அந்த ஆம்ப்ளிஃபையரின் பொத்தான்களுக்கான குறியீடுகளை அனுப்பினார். திறந்து பார்த்தால், பொத்தானுக்கு ஒன்றாக நீளமான எண் வரிசைகள்! இயக்குகிற பொத்தானின் வரிசை 0000, 006டி, 0022, 0002, 0156 என்று போய்க்கொண்டே இருந்தது.

இது ப்ராண்டோ எழுத்து. ப்ராண்டோ என்பது பிலிப்ஸ் நிறுவனம் விற்ற ஒரு தொடுதிரை ரிமோட்டின் பெயர். அந்த ரிமோட் எதையும் மொழிபெயர்க்காது. கேட்ட தாளத்தை அடி அடியாக எண்ணி எழுதி வைத்துக்கொள்ளும். அவ்வளவுதான்.

கெடா மாநிலத்தில் சாலைப் பெயர்ப்பலகைகளைப் பார்த்திருக்கிறாயா? சிலவற்றில் ஒரே மலாய்ப் பெயர் ரூமி என்ற ரோமன் எழுத்திலும் இருக்கும், ஜாவி என்ற அரபு வகை எழுத்திலும் இருக்கும். "செக்கோலா" என்று ரூமியில் எழுதினாலும் ஜாவியில் எழுதினாலும் அது பள்ளிக்கூடம்தான். சொல் மாறவில்லை, எழுத்துதான் மாறியது. எனக்கு வந்த நீள வரிசையும் என் கருவி கேட்ட இரண்டு எண்ணும் அப்படித்தான். தாளம் ஒன்று, எழுத்து இரண்டு. நான் ஒன்றை மற்றொன்றாக மாற்ற வேண்டும்.

வா, சேர்ந்து மாற்றுவோம். மாங்காய் எண்ணத் தெரியுமல்லவா? நாம் பத்துப் பத்தாகக் கட்டுவோம். ப்ராண்டோ எழுத்தில் ஒரு கூடைக்கு 16 மாங்காய். 16 கூடை சேர்ந்தால் ஒரு மூட்டை, அதாவது 256 மாங்காய். இப்போது 0156-ஐ வலப்பக்கமிருந்து பார். உதிரி 6. கூடை 5, அதில் 80. மூட்டை 1, அதில் 256. மொத்தம் 342.

006டி-யில் டி எங்கிருந்து வந்தது என்று கேட்பாய். கூடையில் 16 என்றால் உதிரியாக 15 வரை நிற்கலாம். ஒற்றை இலக்கத்தில் 9 வரைதானே எழுத முடியும்? அதனால் 10-க்கு ஏ, 11-க்கு பி என்று வைத்தார்கள். டி என்றால் 13. ஆறு கூடை 96, உதிரி 13, ஆக 109.

இந்த 109-ஐ ப்ராண்டோ எழுத்துக்கே உரிய 0.241246 என்ற எண்ணால் பெருக்கு. 26.3 வரும். ஒரு மினுக்குக்கு 26.3 மைக்ரோவிநாடி என்று அர்த்தம். ஒரு விநாடியில் இப்படி எத்தனை மினுக்கு அடங்கும் என்று வகுத்துப் பார். ஏறக்குறைய 38,000. நம் ரொட்டிக்காரர் ஹாரன் வந்துவிட்டது பார்!

இனி அந்த 342. அது மினுக்கின் எண்ணிக்கை. 342-ஐ 26.3-ஆல் பெருக்கினால் 8,995 மைக்ரோவிநாடி. அதாவது 9 மில்லிவிநாடி. "நான் பேசப் போகிறேன், கவனி" என்ற அதே முதல் அடி! இதைப் போட்டுப் பார்த்தபோது நாற்காலியை விட்டே எழுந்துவிட்டேன். அப்படியானால் 0022? இரண்டு கூடை, உதிரி இரண்டு. அடியும் மௌனமுமாக 34 ஜோடி. தொடக்கத்துக்கு 1, செய்திக்கு 32, முடிக்கிற அடிக்கு 1. கணக்கு நேராக நிற்கிறது.

மீதி எளிது. மௌனத்துக்கு 0016 என்று இருந்தால் 22, குட்டி மௌனம், ஆகவே 0. மௌனத்துக்கு 0040 என்று இருந்தால் 64, நீண்ட மௌனம், ஆகவே 1. பென்சிலால் குறித்துக்கொண்டே வந்தேன். முதல் எட்டு, 00010000. இரண்டாம் எட்டு, 11101111. நேர் எதிர். சரியாகப் படித்துவிட்டேன் என்று பெருமையாக இருந்தது.

இரண்டால் எண்ணுகிற முறையில் வலக்கோடி இடத்துக்கு மதிப்பு 1. அடுத்தது 2, 4, 8, 16 என்று இடப்பக்கம் போகப் போக இரட்டிக்கும். அப்படிப் பார்த்தால் 00010000 என்பது 16. கருவியில் முகவரி 16 என்று கொடுத்தேன். கட்டளையையும் அதே வழியில் படித்துக் கொடுத்தேன். பொத்தானை அமுக்கினேன்.

ஆம்ப்ளிஃபையர் அசையவில்லை.

பக்கத்தில் போய் அமுக்கினேன். பேட்டரி மாற்றினேன். கேமராவில் பார்த்தேன், ஊதா மினுக்கு வருகிறது. எங்கே தவறு? நீயே கொஞ்சம் யோசி. ஜாவி எழுத்தை எந்தப் பக்கமிருந்து படிக்க வேண்டும்?

ஆமாம் கண்ணு, வலமிருந்து இடம்! என்.இ.சி. முறையில் சின்ன மதிப்புள்ள இலக்கம்தான் முதலில் வரும். முதலில் வந்த மௌனம் 1, அடுத்தது 2, பிறகு 4, நான்காவது 8. நீண்ட மௌனம் நான்காவது இடத்தில். ஆக முகவரி 8. நான் ஜாவிப் பலகையை இடமிருந்து வலமாகப் படித்திருக்கிறேன். எதிர்மறை எட்டு ஏன் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை? இரண்டையும் ஒரே பக்கமாகத்தானே தவறாகப் படித்தேன்! தவறும் தவறும் அழகாக ஒத்துப்போயின.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும், குழப்பிக்கொள்ளாதே. எழுத்தை மாற்றுவது வேறு, மொழியை மாற்றுவது வேறு. என்.இ.சி. தாளத்தை எத்தனை விதமாக எழுதினாலும் சோனி டிவிக்குப் புரியாது. சோனி மௌனத்தை அளப்பதில்லை, அடியின் நீளத்தை அளக்கிறது. அதற்கு அதன் தாளமே வேண்டும்.

பிலிப்ஸின் ஆர்.சி.5 முறையில் இன்னொரு வேடிக்கை. நீ ஒவ்வொரு முறை புதிதாக அமுக்கும்போதும் தாளத்தில் ஓர் இலக்கம் 0, 1 என்று மாறிக்கொண்டே இருக்கும். ஒரே பொத்தானை அழுத்திப் பிடித்திருக்கிறாயா, விட்டுவிட்டு அமுக்கினாயா என்று டிவி அதை வைத்துத்தான் கண்டுபிடிக்கும். ஒரு தடவை கேட்டதை அப்படியே எழுதி வைத்துத் திரும்பத் திரும்ப அனுப்பினால் அந்த இலக்கம் மாறாது. 11-ஆம் அலைவரிசைக்கு 1, 1 என்று அமுக்குவாய். டிவி முதல் 1-ஐ மட்டும் எடுத்துக்கொண்டு சும்மா இருக்கும். வீட்டில் எல்லோரும் ரிமோட்டைத்தான் திட்டுவார்கள்.

   

என் கதைக்கு வருகிறேன். முகவரியை 8 என்று திருத்தினேன். கட்டளையையும் திருப்பிப் படித்துத் திருத்தினேன். அமுக்கினேன். ஆம்ப்ளிஃபையரில் பச்சை விளக்கு எரிந்தது! நான்கு ஸ்பீக்கரிலும் ஒரே நேரத்தில் நாதஸ்வரம் கிளம்பியது. முன்பு வைத்திருந்தவர் சத்தத்தை முழுக்க ஏற்றி வைத்திருந்தார் போலிருக்கிறது. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது.

அடுப்படியிலிருந்து பாட்டி கத்தினார். "டேய், சத்தத்தைக் குறைடா!"

குறைக்கிற பொத்தானுக்கு உரிய வரிசையை நான் இன்னும் மாற்றவே இல்லை. பென்சிலைத் தேடி ஓடினேன்.