உங்களுக்குத் தெரியுமா? காற்றுப் பட்டாலே தீப்பற்றும் நிக்கல்!

நிக்கல் தன் பரப்பில் ஹைட்ரஜனை ஈர்க்கும். ஆனால் அதற்கு நிக்கலைத் தூளாக்கினால் மட்டும் போதாது. காற்றில் கிடந்த தூளின்மேல் மெல்லிய ஆக்சைடு படலம் படிந்திருக்கும். அது ஹைட்ரஜனுக்குத் தடை. அதனால் ஆய்வகங்களில் தூளை ஹைட்ரஜன் ஓட்டத்திலேயே சூடாக்குகிறார்கள். ஆக்சைடில் உள்ள ஆக்சிஜன் நீராவியாக வெளியேறி, சுத்தமான உலோகப் பரப்பு வெளிப்படும்.

இதைவிட அழகான வழி ஒன்று உண்டு. அமெரிக்கப் பொறியாளர் மர்ரே ரேனி கண்ட அந்த முறைக்கு 1927இல் காப்புரிமை கிடைத்தது. நிக்கலையும் அலுமினியத்தையும் ஏறக்குறைய சரிபாதியாக உருக்கிக் கலந்து, பொடித்து, காஸ்டிக் சோடா கரைசலில் போடவேண்டும். அலுமினியத்தின் பெரும்பகுதி கரைந்துவிடும். அது இருந்த இடமெல்லாம் நுண்துளைகளாகி, கடற்பஞ்சு போன்ற நிக்கல் மிஞ்சும். ஒரு கிராமுக்குள் சுமார் 100 சதுர மீட்டர் பரப்பு! அலுமினியம் கரையும்போது பிறக்கும் ஹைட்ரஜனில் ஒரு பங்கும் அந்தத் துளைகளிலேயே தங்கிவிடுகிறது. தயாரிக்கும்போதே ஹைட்ரஜன் ஏறிவிடுவதுதான் இந்த முறையின் பெருஞ்சிறப்பு.

நிக்கல் பரப்பில் ஹைட்ரஜன் மூலக்கூறு தனித்தனி அணுக்களாகப் பிரியும். தாவர எண்ணெயைக் கெட்டியாக்க உதவுவது இந்தக் குணம்தான். ரேனியின் நோக்கமும் அதுவே. நம் சமையலறைக்கு வந்த வனஸ்பதியும் நிக்கல் துணையோடு உருவானதே.

ரேனி முறையில் கிடைக்கும் இந்த ‘ரேனி நிக்கல்’ காய்ந்துவிட்டால் காற்றில் தானாகவே தீப்பிடிக்கும். அதனால் நீருக்கடியில்தான் வைப்பார்கள். நிக்கல் தூசியைச் சுவாசிப்பது புற்றுநோய்க்கும் வழிவகுக்கக்கூடும். மாணவர்களே, வீட்டில் ஒருபோதும் முயலாதீர்கள்!